கடைக்கு ஒரு பெயர்

குழந்தைக்குப் பெயரிடுவோர் பலமுறை எண்ணிப் பார்த்தே இடுவர். பாட்டன் பெயரோ, குலதெய்வத்தின் பெயரோ, செவிக்கினிய புதுப்பெயரோ, எதுவாயினும் அதனைப் பற்றி வீட்டார் ஒவ்வொருவருக்கும் ஒரு கருத்து இருக்கும். புதிதாகக் கடை வைப்போர் நிலையும் ஏறக்குறைய இதுவே. முதல் திரட்டியாயிற்று; இடம் பார்த்தாயிற்று; தராசும் படிக்கல்லும் வாங்கியாயிற்று. பலகை எழுதுபவர் வந்து, "என்ன பெயர் எழுத வேண்டும்?" என்று கேட்கின்றார். அதுவரை வாய் திறவாதிருந்த மாமனும் மைத்துனனும் அப்பொழுதுதான் பேசத் தொடங்குவர். கடைக்கு வேண்டியவற்றுள் பெயர் ஒன்றே விலையின்றிக் கிடைப்பது. ஆயினும் அதனைத் தேர்வதில் உண்டாகும் தடுமாற்றம் வேறெதனைத் தேர்வதிலும் உண்டாவதில்லை.

பழந்தமிழ் நகரங்களில் கொடியே பலகையாக நின்றது. காவிரிப்பூம்பட்டினத்தின் வளத்தைப் பாடும் பட்டினப்பாலை, அந்நகரில் பறந்த கொடிகளை வகைவகையாகக் கூறுகின்றது. தெய்வத்திற்கு எடுத்த கொடி உண்டு. கல்வியில் வல்லவர் வாதுக்கு அழைத்து நட்ட கொடி உண்டு. துறையில் நின்ற கலங்களின் கொடி உண்டு. கள் விற்கும் மனையின் வாயிலிலும் கொடி உண்டு. எழுத்தறியாதவனும் கொடியைக் கண்டு வந்த காரியத்தை முடித்துக்கொண்டு திரும்பலாம். ஆனால் கொடி பண்டத்தைக் காட்டுமேயன்றி விற்பவனைக் காட்டாது.

விற்பவன் யார் என்பதைக் கல்லும் ஏடும் காட்டுகின்றன. மதுரைக்கு அண்மையில் உள்ள அழகர்மலைக் குகையில், ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் வெட்டிய தமிழிக் கல்வெட்டுகள் உள்ளன. துறவிகள் தங்குவதற்காகக் கொடை தந்தவர்களின் பெயர்கள் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. அவர்களுள் ஒருவர் உப்பு வாணிகர். ஒருவர் அறுவை வாணிகர், அதாவது துணி விற்பவர். மற்றொருவர் ஏருக்குரிய கொழு விற்பவர். சங்கப் புலவர் வரிசையிலும் இத்தகையோரைக் காணலாம். மணிமேகலை பாடிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் என்றே தமிழுலகம் வழங்கி வருகின்றது. மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் என்பார் மற்றொரு புலவர்.

இப்பெயர்களைச் சற்று நின்று நோக்க வேண்டும். 'மதுரை' என்பது ஊர். 'கூலம்' என்பது பண்டம். 'சாத்தன்' என்பது ஆள். எங்கே, என்ன, யார் என்னும் மூன்று வினாக்களுக்கும் விடை ஒரே பெயரில் அடங்கிவிட்டது. கவிஞர் பெயராக நின்ற அதனை அப்படியே ஒரு பலகையில் எழுதித் தானியக் கடையின் முகப்பில் மாட்டினாலும் பொருந்தும். இரண்டாயிரம் ஆண்டு கழிந்த பின்னும் நம் நாட்டுக் கடைத்தெருக்களில் உள்ள பெயர்கள் பெரும்பாலும் இந்த மூன்றினுள்ளேயே அடங்குகின்றன. ஊர்ப்பெயரால் அமைந்த உணவகங்கள் உள்ளன. பண்டத்தின் பெயரையே சொல்லும் மாவரவை நிலையங்களும் விறகுத் தொட்டிகளும் உள்ளன. உரிமையாளர் பெயர் தாங்கிய துணிக்கடைகள் உள்ளன. நான்காவதாகச் சேர்ந்தது தெய்வத்தின் பெயர். முருகனும் விநாயகரும் திருமகளும் மளிகைக் கடைகளைக் காக்கின்றனர். பிஸ்மில்லா என்னும் பெயர் தாங்கிய பிரியாணிக் கடையும், அந்தோணியார் பெயர் தாங்கிய மரக்கடையும் அதே தெருவில் அடுத்தடுத்து நிற்கின்றன. தெய்வப் பெயரில் ஒரு நன்மை உண்டு. அதனை யாரும் மறுத்துப் பேசமாட்டார். ஒரு குறையும் உண்டு. அதே பெயரில் அடுத்த தெருவிலும் ஒரு கடை இருக்கும்.

முன்சொல்லைப் போலவே பின்சொல்லும் கருதத்தக்கது. விலாஸ், பவன், ஸ்டோர்ஸ், பிரதர்ஸ் என்பன ஒவ்வொரு காலத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. 'அண்ட் சன்ஸ்' என்று தந்தையும் மைந்தரும் சேர்ந்து நிற்கும் பலகைகள் எண்ணில. கணக்கெழுதிக் கல்லாவில் அமர்ந்து தந்தையின் கடையைத் தாங்கிய மகளிர் பலர் இருந்தும், 'மகள்கள்' என்று முடியும் பலகையைக் காண்பது அரிதாகவே உள்ளது.

ஆள்பெயர் தாங்கிய கடையில் ஒரு துணிவு வெளிப்படுகின்றது. பண்டம் கெட்டால் பழி யாரைச் சேரும் என்பதைக் கடைக்காரரே பலகையில் எழுதி வைத்துவிடுகின்றார். 1911ஆம் ஆண்டு மதுரையில் தி. வே. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய தொழில், அவருடைய முதலெழுத்துகளாலேயே டி.வி.எஸ். என இன்றும் அறியப்படுகின்றது. ஆயினும் ஆள்பெயருக்கு ஓர் இடுக்கண் உண்டு. ஆள் ஒருவர், அவருக்குப் பின் உரிமை கொண்டாடுவோர் பலர். உடன்பிறந்தோர் பாகம் பிரித்துக்கொள்ளும்போது பானையையும் பாத்திரத்தையும் எண்ணிப் பிரித்துவிடலாம். தந்தையின் பெயரை எவ்வாறு பிரிப்பது? ஆகவே எதிரெதிரே இரண்டு கடைகள் ஒரே பெயருடன் எழுகின்றன. ஒன்றில் 'பழைய' என்ற சொல் சேர்கின்றது; மற்றொன்றில் 'அசல்' என்ற சொல் சேர்கின்றது. சில நாளில் இரண்டிலும், "எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது" என்ற வாசகம் தோன்றுகின்றது. அவ்வாசகத்தைப் படிக்கும் வழிப்போக்கர் ஒரு குடும்பத்தின் வரலாற்றையே படித்துவிடுகின்றார்.

ஆளின் பெயரோடு சாதியின் பெயரும் பலகையில் ஏறியிருந்த காலம் ஒன்று உண்டு. 1929ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப்பட்டம் சேர்க்கும் வழக்கத்தை விடுமாறு மக்களை வேண்டிற்று. மக்கள் பெயர்களினின்று அப்பட்டம் மெல்ல மெல்ல உதிர்ந்தது. கடைப்பலகைகளோ அத்துணை விரைவில் மாறவில்லை. உணவகங்கள் சிலவற்றில் சாதிப்பெயர் வெறும் அடையாளமாக மட்டும் நிற்கவில்லை. உண்ண வருவோரை உயர்ந்தோர் தாழ்ந்தோர் என்று பிரித்துக் காட்டவும் நின்றது. 1957ஆம் ஆண்டு சென்னைத் திருவல்லிக்கேணியில் ஓர் உணவகத்தின் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை நீக்கக் கோரிப் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மறியல் செய்தனர். நாள்தோறும் தொண்டர் சென்றனர், பலர் சிறைப்பட்டனர். இறுதியில் அச்சொல் பலகையினின்று நீங்கிற்று. ஒரே ஒரு சொல்லுக்காக இத்துணைப் பேர் சிறை புகுந்தனர் என்பது இன்று கேட்போருக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆனால் கடைவாயிலில் எழுதிய சொல்லே, உள்ளே வருவோரிடம் கடைக்காரர் பேசும் முதற்பேச்சு. அந்த முதற்பேச்சு சிலருக்கு வரவேற்பாகவும் சிலருக்கு அவமதிப்பாகவும் ஒலித்தது.

பெயராலேயே நாட்டைத் தட்டி எழுப்பிய நிறுவனமும் தமிழகத்தில் தோன்றியது. 1906ஆம் ஆண்டு தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரனார் கப்பல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொன்றும் 25 ரூபாய் மதிப்புடைய 40,000 பங்குகள். மொத்த முதல் 10 இலட்சம் ரூபாய். பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனம் என்னும் பெருநிறுவனம் அந்தக் கடல்வழியைத் தன் கையில் வைத்திருந்தது. அதனை எதிர்த்தெழுந்த நிறுவனத்திற்குச் சிதம்பரனார் தம் பெயரை இடவில்லை, ஊர்ப்பெயரையும் இடவில்லை. 'சுதேசி' என்னும் ஒரு சொல்லை முன்னே நிறுத்திச் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம் என்று பெயரிட்டார். அச்சொல்லைக் கேட்டவுடன் பங்கு வாங்குவது வாணிகமா, நாட்டுத் தொண்டா என்று பிரித்தறிய இயலாத நிலை உண்டாயிற்று. எதிர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்தது, அரசும் பகைத்தது. 1908ஆம் ஆண்டு சிதம்பரனார் சிறைப்பட்டார். 1911ஆம் ஆண்டு நிறுவனம் கலைக்கப்பட்டது. கப்பல் கைவிட்டுப் போன பின்னும் அவரை மக்கள் கப்பலோட்டிய தமிழன் என்றே அழைத்தனர். நிறுவனத்திற்கு அவர் இட்ட பெயர் ஐந்து ஆண்டே நிலவிற்று. மக்கள் அவருக்கு இட்ட பெயர் இன்றும் நிலவுகின்றது.

மக்கள் இடும் பெயரின் வலிமை சிறு கடைகளில் இன்னும் தெளிவாக விளங்கும். 1957ஆம் ஆண்டு திண்டுக்கல்லில் நாகசாமி நாயுடு என்பார் 'ஆனந்த விலாஸ்' என்னும் பெயரில் பிரியாணிக் கடை ஒன்றைத் திறந்தார். பலகையில் இருந்த பெயர் அது. ஆனால் அவர் எப்பொழுதும் தலைப்பாகை அணிந்திருப்பார். உண்டு சென்றோர், "தலைப்பாக்கட்டுக் கடைக்குப் போவோம்" என்று சொல்லத் தொடங்கினர். பலகையில் எழுதிய பெயரைத் தெருவில் பேசிய பெயர் வென்றது. தலைப்பாக்கட்டி என்னும் அந்தப் பெயரே நிலைத்துப் பின்னர்ப் பல ஊர்களுக்கும் பரவியது; அதைப் போன்ற பெயர் சூடிய வேறு கடைகள் மீது வழக்குத் தொடுக்கும் அளவுக்கு அதற்கு மதிப்பும் உண்டாயிற்று. திருநெல்வேலியில் நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே மாலைப்பொழுதில் மட்டும் திறக்கும் அல்வாக் கடையின் கதையும் இதுவே. மங்கிய விளக்கொளியில் வாணிகம் நடந்தமையால் அதனை 'இருட்டுக்கடை' என்றனர் மக்கள். இருட்டு என்னும் சொல்லைத் தம் கடைக்கு விரும்பி இடும் வணிகர் எவரேனும் உண்டோ? ஒளி, சுடர், சோதி என்றே தேடியிருப்பர். எனினும் நெல்லைக்குச் செல்வோர் தேடிச் செல்வது இருட்டுக்கடையையே.

பெயர் பற்றிய இடர்கள் அனைத்தும் ஒருவர் தலையில் எவ்வாறு ஒன்றாக வந்து இறங்குகின்றன என்பதை அறிய, மணப்பாறையில் முறுக்குச் சுட்டு வாழும் ஓர் அம்மையாரை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். கணவர் இல்லை, மகள் ஒருத்தி கல்லூரியில் பயில்கின்றாள். அம்மையார் விடியலில் எழுந்து அரிசி மாவும் உளுந்து மாவும் எள்ளும் உப்பும் சேர்த்துப் பிசைந்து முறுக்குப் பிழிவார். முறுக்கை ஒருமுறை அரைவேக்காடாக எடுத்து ஆற விட்டு, மறுமுறை எண்ணெயில் இட்டு மொறுமொறுப்பாக எடுப்பது அவ்வூர் முறை. அந்த ஊர்த் தண்ணீரின் சுவையே முறுக்கின் சுவைக்குக் காரணம் என்பாரும் உளர். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் சுட்ட முறுக்குகள் தகரப் பெட்டியில் அடைபட்டுக் கடைவீதிக்குச் செல்கின்றன. அங்கே ஒரு வணிகர் அவற்றைப் பொட்டலமாகக் கட்டித் தம் கடைப்பெயரை ஒட்டி விற்கின்றார். முறுக்கின் புகழ் வளர்ந்தது. பெயர் மட்டும் வேறொருவருடையதாக இருந்தது.

தம் பெயரில் விற்கலாம் என்று அம்மையார் எண்ணத் தொடங்கிய நாள் முதல் அவர் வீட்டில் அமைதி குறைந்தது.

"அண்ணி, குலதெய்வத்தின் பெயரை வைத்துவிடுங்கள். வேறு யோசனையே வேண்டாம்" என்றார் கொழுந்தனார்.

"சித்தப்பா, அந்தப் பெயரில் நம் ஊரிலேயே நான்கு கடைகள் இருக்கின்றனவே! கேட்டவுடன் புதிதாகத் தோன்ற வேண்டும். ஆங்கிலத்தில் சிறியதாக ஒரு பெயர் வைப்போம், அம்மா" என்றாள் மகள்.

"எனக்கே சொல்ல வராத பெயரை நான் எப்படியம்மா பிறரிடம் சொல்லி விற்பேன்?" என்று கேட்டார் தாய்.

இந்தக் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. வாங்குவோர் வாயில் நுழையாத பெயர் நெடுநாள் வாழ்வதில்லை. ஒரு கடையைப் பற்றி மற்றொருவருக்குச் சொல்லும்போது நாவு தடுமாறினால், 'அந்தப் பாலத்தருகே உள்ள கடை' என்று சொல்லி முடித்துவிடுவர், பெயர் வீணாகும். எண்சோதிடம் பார்த்து ஆங்கில எழுத்துகளை மிகையாகச் சேர்க்கும் வழக்கமும் இவ்வகையில் இடர் தருவதே. ஒரு நெடிலுக்கு மூன்று எழுத்துகள் நின்றால் கோள்கள் மகிழக்கூடும். கடிதம் கொண்டுவரும் அஞ்சற்காரர் மகிழார்.

ஊர்ப்பெயரை வைத்தால் என்ன என்று அம்மையார் எண்ணினார். மணப்பாறை முறுக்கு என்றாலே வெளியூரில் வரவேற்பு உண்டு. ஆனால் அப்பெயர் ஒருவர் தனியுடைமை அன்று. மணப்பாறை முறுக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்றது. திண்டுக்கல் பூட்டும் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் 2019ஆம் ஆண்டிலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020ஆம் ஆண்டிலும் அதனை முன்னரே பெற்றிருந்தன. இக்குறியீடு ஓர் ஊரின் பண்டத்திற்கு அவ்வூராரின் கைத்திறனும் நிலவளமும் தந்த புகழைக் காக்கும் ஏற்பாடு. வேறூரில் செய்ததை அப்பெயரால் விற்றல் குற்றம். அந்தப் பகுதியில் உரிய முறைப்படி செய்வோர், தம்மைப் பயன்படுத்துநராகப் பதிவு செய்துகொண்டு அதனைப் பயன்படுத்தலாம். ஊரார் கூடி இழுத்த தேர் அது; எல்லாரும் வடம் பிடிக்கலாம், ஒருவர் வீட்டுக்குக் கொண்டுபோக இயலாது. ஆகவே அம்மையாரின் பொட்டலத்தில் ஊர்ப்பெயர் இடம் பெறலாம். எனினும் நூறு பேர் சுடும் முறுக்குகளுள் இது இன்னாருடையது என்று அறிவிக்க வேறொரு சொல் வேண்டும்.

சட்டத்தை அறிந்த ஒருவரிடம் மகள் சென்று கேட்டபோது மேலும் சில செய்திகள் விளங்கின. கடை வைப்போர் பலர், சரக்கு சேவை வரிக்குப் பதிந்துவிட்டால் பெயர் தமதாகிவிட்டது என்று கருதுகின்றனர். உணவு உரிமம் பெற்றால் போதும் என்று கருதுவோரும் உளர். அவ்வாறன்று. அவை தொழில் நடத்துவதற்குரிய பதிவுகள். பெயரைக் காப்பது வணிகச் சின்னப் பதிவு. இந்தியாவில் வணிகச் சின்னத்திற்கெனத் தனிச்சட்டம் முதன்முதல் 1940ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இப்போது நடைமுறையில் உள்ளது 1999ஆம் ஆண்டுச் சட்டம். 2003ஆம் ஆண்டு அது நடைமுறைக்கு வந்தது. பண்டங்களையும் பணிகளையும் 45 வகுப்புகளாகப் பிரித்து, எந்த வகுப்பில் பதிகின்றோமோ அதற்கே பாதுகாப்பு அளிக்கின்றது. பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும், அதன்பின் புதுப்பித்துக்கொள்ளலாம். விண்ணப்பத்தை ஏற்றபின் அதனை இதழில் வெளியிடுவர். மறுப்புடையோர் நான்கு மாதங்களுக்குள் தெரிவிக்க வேண்டும்.

இச்சட்டத்தில் கூர்ந்து நோக்கத்தக்க ஒரு பகுதி உண்டு. பண்டத்தின் வகையையோ தரத்தையோ மட்டும் கூறும் சொல்லைப் பொதுவாக ஒருவர் தமக்கே உரியதாகப் பதிய இயலாது. 'சுவை முறுக்கு' என்றும் 'நல்ல முறுக்கு' என்றும் யாரும் சொல்லலாம். அச்சொற்களை ஒருவர் வேலியிட்டுக்கொண்டால் மற்றவர் தம் பண்டத்தைப் பற்றிப் பேசவும் வழியின்றிப் போகும். இதனால் ஒரு விந்தை உண்டாகின்றது. பண்டத்தைத் தெளிவாக விளக்கும் பெயருக்குப் பாதுகாப்புக் குறைவு. பண்டத்தோடு தொடர்பில்லாத பெயருக்கே பாதுகாப்பு மிகுதி. முறுக்குக் கடைக்கு 'முறுக்கு' என்னும் சொல் உதவுவதைக் காட்டிலும் 'தலைப்பாகை' போன்ற ஒன்று மிகுதியாக உதவும். பதிவு செய்யாத பெயருக்கும் முற்றிலும் காப்பில்லை என்று சொல்லிவிட முடியாது. நெடுநாள் வழங்கிப் புகழ் பெற்ற பெயரைப் பிறன் எடுத்துக்கொண்டு மக்களை மயக்கினால் நீதிமன்றம் தடுக்கும். ஆனால் அப்போது புகழையும் வழக்கத்தையும் சான்று காட்டி நிறுவ வேண்டும். வரவு செலவுச் சிட்டை வைத்திராத சிறு வணிகருக்கு அது கடினம்.

விலக்கப்பட்ட பெயர்களும் சில உண்டு. 1950ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, நாட்டின் சின்னங்களையும் காந்தியடிகள் போன்றோர் பெயர்களையும் அரசின் இசைவின்றி வணிகத்திற்குப் பயன்படுத்தலாகாது என்கின்றது. 1932ஆம் ஆண்டின் கூட்டுவணிகச் சட்டமோ, அரசர், அரசி, பேரரசு, 'ராயல்' என்னும் பொருளுடைய சொற்களைக் கூட்டு நிறுவனத்தின் பெயரில் அரசின் இசைவின்றிச் சேர்க்கலாகாது என்று கூறுகின்றது. முடியரசு நீங்கிப் பல்லாண்டு ஆன பின்னும் அவ்விதி ஏட்டில் இருக்கின்றது.

பெயர் இன்றைய தொழிலுக்கு மட்டும் பொருந்தினால் போதுமா என்பது மற்றொரு வினா. 1946ஆம் ஆண்டு கே. எம். மாம்மன் மாப்பிள்ளை என்பார் சென்னைத் திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கினார். அத்தொழிலே பின்னர் டயர் செய்யும் பெருந்தொழிலாக வளர்ந்தது. நிறுவனத்தின் பெயர் 'பலூன்' என்று குறுகவில்லை. 'மதராஸ் ரப்பர் ஃபாக்டரி' என்று விரிந்து நின்றது. பலூனும் ரப்பர், டயரும் ரப்பர். 1996ஆம் ஆண்டு மதராஸ் என்னும் பெயரே சென்னை என மாறிற்று. அதற்குள் அந்நிறுவனம் எம்.ஆர்.எஃப். என்னும் மூன்றெழுத்தால் அறியப்பட்டிருந்தமையால் அம்மாற்றத்தால் அதற்குக் குறை நேரவில்லை. நாளை தட்டையும் சீடையும் அதிரசமும் செய்ய விரும்பும் அம்மையார், 'முறுக்கு' என்னும் சொல்லைப் பெயரின் உயிராக வைப்பது நன்றா என்று மகள் கேட்டாள்.

விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அம்மையார் வீட்டிலேயே சிறிது முறுக்கு விற்பதுண்டு. வீட்டின் முன்னே ஒரு பழைய கிணறு உள்ளது. விழாக் காலங்களில் முன்கூட்டிச் சொல்லிவைப்போரின் கணக்கை மகள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருவாள். ஒருநாள் பழைய ஏடுகளைப் புரட்டுகையில், வாங்குவோர் சொன்னபடியே தான் எழுதிய ஒரு சொல் பக்கந்தோறும் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டாள். "கிணற்றடி வீட்டில் சொல்லியாயிற்று", "கிணற்றடி முறுக்கு இரண்டு கிலோ", "கிணற்றடியில் வாங்கி வரவும்." பெயர் ஏற்கனவே இருந்தது, வீட்டாருக்குத்தான் தெரியவில்லை.

'கிணற்றடி' என்னும் சொல் முறுக்கின் தரத்தைக் கூறவில்லை. ஆகவே பதிவுக்கு உகந்தது. தட்டைக்கும் அதிரசத்திற்கும் தடையின்றிப் பொருந்தும். பாட்டி முதல் பேரன் வரை யாரும் தடுமாறாமல் சொல்லலாம். தண்ணீரால் புகழ் பெற்ற பண்டத்தின் மீது கிணற்றின் பெயர் அமைவதிலும் ஓர் அழகு இருந்தது. கொழுந்தனாருக்கு மட்டும் சிறிது மனக்குறை. தெய்வத்தின் பெயர் பலகையின் உச்சியில் சிறிய எழுத்தில் இடம் பெற்றபின் அவரும் இசைந்தார்.

பெயர் கிடைத்தது, கடைவீதி வணிகரிடம் சொல்லும் வேலை மீதி இருந்தது. விற்பனையில் மூன்றில் இரண்டு பங்கு அவர் வழியாகவே நடந்தது.

"அண்ணே, இனிமேல் பொட்டலத்தில் எங்கள் பெயரும் இருக்க வேண்டும்" என்றார் அம்மையார்.

வணிகர் சிறிது நேரம் பேசவில்லை. "என் கடைப்பெயரை நம்பித்தானே தங்கச்சி வாங்குகிறார்கள்? பெயரை மாற்றினால் வாங்குவார்களா?" என்றார்.

அவர் கூற்றை வெறும் தன்னலம் என்று ஒதுக்கிவிடலாகாது. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கடனுக்கு விற்று, மழைக்காலத்தில் நமத்துப்போனவற்றைத் திரும்ப ஏற்று, அந்த முறுக்குக்கு வாடிக்கை தேடித் தந்தவர் அவர். அவருடைய பெயருக்கும் அதில் பங்கு உண்டு. அம்மையாரும் அதனை மறுக்கவில்லை. "உங்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை, அண்ணே. விற்பவர் என்று உங்கள் பெயர் இருக்கட்டும். செய்தவர் என்று எங்கள் பெயரும் இருக்கட்டும்" என்றார். வணிகர் அன்று இசையவில்லை; தீபாவளி விற்பனை முடியட்டும் என்றார். அம்மையார் அதுவரை காத்திருக்கவில்லை. வணிகருக்குரிய பெட்டிகளை வழக்கம்போல் அனுப்பிவிட்டு, வீட்டு விற்பனைக்குரிய மூன்றில் ஒரு பங்கைப் புதுப்பெயரில் கட்டலானார். மகள் தன் தாயின் பெயரில் வணிகச் சின்ன விண்ணப்பத்தை நிரப்பினாள். முறுக்குக்கும் இனிப்புக்கும் உரிய முப்பதாம் வகுப்பைக் குறித்து, 'கிணற்றடி' என்று எழுதினாள்.

பலகை எழுதுபவர் வந்தார். தமிழ்நாட்டில் கடைகளின் பெயர்ப்பலகை தமிழில் இருத்தல் வேண்டும் என்பது, 1947ஆம் ஆண்டுக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் கீழ் அமைந்த விதி. பிறமொழி சேருமாயின் தமிழே முதலிலும் பெரிதாகவும் நிற்க வேண்டும். தமிழுக்கு ஐந்து பங்கு, ஆங்கிலத்திற்கு மூன்று பங்கு, பிறமொழிக்கு இரண்டு பங்கு என்பது அளவு. ஆங்கில எழுத்தில் 'கிணற்றடி' என்பதை எவ்வாறு எழுதுவது என்று மகளும் அவரும் நெடுநேரம் ஆராய்ந்தனர். றகரம் இரட்டிக்கும் ஒலிக்கு ஆங்கிலத்தில் நேரான எழுத்தில்லை. ஒருவாறு எழுதினால் 'கிணத்தடி' என்றாகிறது. மற்றொருவாறு எழுதினால் வெளியூரார் வாயில் வேறு சொல்லாகிவிடுகின்றது. அம்மையார் திண்ணையில் அமர்ந்து அதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னர் பலகையின் நீளத்தைத் தம் கையால் ஒரு முறை சாண் போட்டு அளந்து பார்த்து, ஆங்கிலத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், ஐந்து பங்கையும் முதலில் எழுதி முடியுங்கள் என்றார்.